பதின்மூன்றாவது போர்ம்

கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் குங்ஃபூ வகுப்பு. நான் அங்கே பதினொரு வருடம் போனேன். அடியும் உதையும் எந்த ஒழுங்கில் வரவேண்டும் என்று கோத்து வைத்த ஆட்டத்தை நாங்கள் போர்ம் என்போம். மொத்தம் பதின்மூன்று. பன்னிரண்டை மாஸ்டர் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பார். கடைசியை ஒரே ஒருவருக்குத்தான். பல் கட்டும் கடை வைத்திருந்த ஒரு சீனர் அவருக்கும் அப்படித்தான் கொடுத்தாராம்.

மாஸ்டர் தேர்ந்தெடுத்தது என்னை அல்ல. புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருந்த, நாங்கள் அக்கா என்று கூப்பிடும் ஒருவரை. வயதில் மூத்தவர்தான், ஆனால் வகுப்புக்கு எனக்குப் பிறகு வந்தவர். சிரித்துக்கொண்டு கைகொடுத்தேன். பொறாமையை வெளியே காட்டவில்லை.

ஞாயிறு மத்தியானங்களில் அவர் அங்கே தனியாகப் பழகுவார். ஒருநாள் படிக்கட்டில் ஒளித்து நின்று, கதவு இடுக்கால் போனில் படம் பிடித்தேன். அந்த இடுக்கால் அவர் தெரியவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த பெரிய கண்ணாடியில்தான் தெரிந்தார். முழு ஆளும் தெரிகிறாரே, போதும் என்று நினைத்தேன்.

அந்தப் படத்தைப் பார்த்து நாலு மாதம் வீட்டில் பழகினேன். எங்கள் பன்னிரண்டு போர்மும் இடது காலில் தொடங்கும். இது வலது காலில் தொடங்கியது. இதனால்தான் இதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். அந்த மடத்தனத்தை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் நான் நடத்திய சின்ன வகுப்பில் அதே விளக்கத்தோடு பெருமையாகச் செய்தும் காட்டினேன்.

கதை ஆள் மாறி ஆள் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டது. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"பதின்மூண்டாவது உமக்கு எப்பிடி வந்தது? அக்காதானே காட்டினவ?"

நான் தரையைப் பார்த்தேன். ஓம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் அதை ஓம் என்றே எடுத்துக்கொண்டார். அக்காவை இனி வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். "நான் ஒருத்தருக்கும் காட்டேல்லை மாஸ்டர்" என்று அவர் அழுததை மற்றவர்கள் எனக்குச் சொன்னார்கள். நான் மூன்று கிழமை வழக்கம்போல வகுப்புக்குப் போய்வந்தேன்.

பிறகு மாஸ்டர் என்னையும் அக்காவையும் வரச் சொன்னார். எவ்வளவு வெளியே போயிருக்கிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். நான் வலது காலை எடுத்து வைத்தேன். நாலு அடி போகமுன் நிறுத்தினார்.

"கண்ணாடியைப் பார்த்துச் செய்யும்."

திரும்பினேன். கண்ணாடிக்குள் இருந்தவன் இடது காலை எடுத்து வைத்தான், மற்றப் பன்னிரண்டிலும் போல. முதல் தடவையாக அந்தப் போர்ம் சரியாக வந்தது. மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்தார். அதற்கு நேரே இருந்த படிக்கட்டுக் கதவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவேயில்லை.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வாரும். பிழை என்ரை" என்று அக்காவிடம் சொன்னார்.

படி இறங்கும்போது அக்கா என் பின்னால் வந்தார்.

"தம்பி, களவா எடுத்ததைக்கூட விடுங்கோ. மாஸ்டர் கேட்ட அண்டைக்கு ஏன் வாய் திறக்கேல்லை?"