செக்கிங்கில் தேறாத குண்டுமல்லி

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டர்; தைத்து வந்ததில் குறை பார்த்து ஒதுக்குகிற வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் நல்லூரில் குடியிருந்தோம். கத்தரிக்காய் வாங்கினாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் பைக்குள் போடுவார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் பூவில் கை வைத்தபோதுதான் பொறுக்க முடியவில்லை.

வாசலில் குண்டுமல்லிச் செடிகள் வைத்திருந்தேன். வருஷா வருஷம் கோடையில் பூக்கும், ஆனால் சும்மா பூக்காது. அந்த வருஷமும் தை மாதம் கவாத்து செய்து, இலையை உருவி, கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரை வேருக்கு ஊற்றினேன். அந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். சித்திரை வெயில் ஏற ஏற மொட்டாகக் கொட்டியது. ஊத்துக்குளியில் என் தங்கைக்குக் கல்யாணம். பெண்ணுக்குப் பூ என் செடியிலிருந்துதான், கடைப்பூ வாங்கவே கூடாது என்று அம்மாவிடம் வீறாப்பாகச் சொல்லி வைத்திருந்தேன்.

முந்தின நாள் மத்தியானம் மொட்டுப் பறித்து முறத்தில் கொட்டினேன். லீவு போட்டிருந்த மனுஷன் முறத்தை மேஜைக்கு இழுத்து, மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொரு மொட்டையும் உருட்டிப் பார்த்தார். துணியை இழுத்துப் பார்ப்பது போல இரண்டு விரலால் இழுத்தும் பார்த்தார். இழுத்ததில் இதழ் கிழிந்தது. "பாரு அம்மிணி, ஸ்ட்ரெங்த்தே இல்ல" என்று அதையும் ஒதுக்கினார். புழு துளைத்தது டேமேஜ். ஊதா ஓடியது ஸ்டெயின். மற்றதைவிடக் கொஞ்சம் பருத்தது சைஸ் சேரவில்லை.

"ஏனுங்க, பூவுக்கு ஏதுங்க சைஸு?"

"ஒரு பீஸு திரும்பி வந்தாப் போதும், பேரு போயிரும்."

மாப்பிள்ளை வீட்டார் மல்லிகையைத் திருப்பி அனுப்புவார்கள் என்று அவர் நிஜமாகவே பயந்தார். பொழுது சாயும்போது பாஸானது ஒரு கைப்பிடி. மிச்சமெல்லாம் தேறாத சரக்கு, செகண்ட்ஸ் என்று கோணிப்பைக்குள் போய்விட்டது. அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. என் பேச்சை நம்பி அம்மா பூ வாங்கியிருக்க மாட்டாள். தங்கை வெறுந்தலையோடு மணவறையில் உட்காருவாளா?

சின்ன வயதில் அம்மை போட்டதில் என் முகமெல்லாம் தழும்பு. விளக்கை வெடுக்கென்று இழுத்து என் முகத்துக்கு நேராக வைத்தேன்.

"நல்லாப் பாருங்க. இத்தன டேமேஜு இருக்குதே, என்னைய எப்படீங்க பாஸ் பண்ணுனீங்க?"

அவர் கையிலிருந்த மொட்டு மேஜையில் விழுந்தது. பிறகு விளக்கை அணைத்தார்.

"அன்னைக்கு நான் செக்கிங்குக்கா வந்தேன்? பொண்ணு பாக்க வந்தேன் அம்மிணி."

அதற்கு மேல் எனக்குச் சண்டை போட வரவில்லை. கோணிப்பையை அவரே கவிழ்த்தார். டேமேஜ், ஸ்டெயின், சைஸ் சேராதது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து நான் தொடுத்தேன். அவர் வாழைநார் கிழித்துக் கொடுத்தார். மறுநாள் தங்கை தலையில் அந்த செகண்ட்ஸின் மணம் பந்தல் வாசல் வரைக்கும் வந்தது. ஒரு பீஸும் திரும்பி வரவில்லை.

அன்றைக்கு விடிகாலையில் என் தலைக்கும் ஒரு முழம் வைத்துக்கொண்டு ஊத்துக்குளி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பின்னால் வந்தவர் சும்மா வராமல் அதிலிருந்து ஒரு மொட்டை உருவினார். திரும்பி முறைத்தேன். காம்பு கோணலாம். அதை எறியாமல் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.