குருக்களுக்கு முப்பது நிமிட விமானம்

1. மலேசியாவில் ஈப்போவை அடுத்த செமோர் அருகே, பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். முகூர்த்தம் 11.15-க்கு முடியும்.
2. தலைமைக் குருக்களுக்கு அன்றே வடக்கே கெடா மாநிலத்தில் இன்னொரு கும்பாபிஷேகம். அது காலை ஒன்பதுக்குத்தான் முடியும்.
3. கோயில் தலைவர் இணையத்தில் பார்த்தார்: கெடாவின் அலோர் ஸ்டார் – ஈப்போ, 195 கிலோமீட்டர், விமானத்தில் முப்பது நிமிடம்.
4. எங்கள் வாடகை விமான நிறுவனத்தின் மேனேஜர் அதை அப்படியே குவோட்டேஷனில் எழுதினார்.
5. பயண நேரம், எடை எல்லாம் கணக்கிடும் ஃபிளைட் டிஸ்பாட்சரான என்னிடம் கடைசியில் கேட்டார். கேட்டது கையெழுத்து மட்டும்.

அந்த முப்பது நிமிடம் ஜெட்டுக்கு உரியது. எங்களுடையது ஆறு பேர் உட்காரும் புரொப்பெல்லர் விமானம். இன்ஜினை முடுக்குவதில் தொடங்கி ஈப்போவில் நிறுத்துவது வரை ஒரு மணி ஐந்து நிமிடம். கெடா கோயிலிலிருந்து விமான நிலையத்துக்கு முக்கால் மணி. ஏறிக் கிளம்ப இருபத்தைந்து நிமிடம். ஈப்போவில் இறங்கிச் செமோர் போக முப்பத்தைந்து. கூட்டினால் 11.50. நெடுஞ்சாலையில் வேன் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும்.

தலைவரிடம் சொன்னேன்.

"வேன்லயா? குருக்கள் ப்ளேன்ல வர்றாருன்னு பேனரே கட்டியாச்சும்மா! ஈப்போல புந்தோங் பூரா தெரியும்லா."

மேனேஜர் என்னைத் தனியே அழைத்தார். "கஸ்டமர் நிமிஷம் கேட்டா நிமிஷத்த மட்டும் சொல்லு. கணக்குப் பாடம் எடுக்காத."

எடுக்கவில்லை. எடைக் கணக்கு மட்டும் என் பொறுப்பு. தலைமைக் குருக்களுடன் வரும் துணைக் குருக்களும் பூஜைப் பாத்திரங்களும் சேர்ந்தால் எடை வரம்பைவிடச் சற்றுக் கூடியது. உண்மையிலேயே கூடியது. துணைக் குருக்களுக்குப் போன் செய்தேன்.

"சாமி, உங்களுக்கு ப்ளேன்ல இடமில்ல. ஒன்பதுக்கு முடிஞ்ச ஒடனே வேன்ல கெளம்பிடுங்க. எங்கயும் டீ குடிக்க நிக்காதீங்க."

"ப்ளேன் ஏறாத யோகம் எனக்குப் பழகிப்போச்சும்மா," என்றார்.

கும்பாபிஷேகத்தன்று, வரவேற்புக்கு என்று என்னைக் கோயிலுக்கு அனுப்பினார்கள். பதினொன்றுக்குத் துணைக் குருக்களுடன் வேன் வந்தது. விமானம் செமோருக்கு மேலே வந்திருந்தது. ஆனால் ஈப்போவில் பயிற்சி விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்ததால் டவர் அதை அங்கேயே வட்டமிடச் சொல்லிவிட்டது. தலைவரின் முகத்தில் வியர்வை.

"இப்ப என்னம்மா செய்றது?"

"துணைச் சாமியக் கோபுரத்து மேல ஏத்துங்கண்ணே. இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

வேறு வழியில்லை, ஏற்றினார். கோபுரத்தில் குடம் சாய்வதற்குமுன் கருடன் வட்டமிட வேண்டும் என்று கூட்டம் அண்ணாந்து பார்த்தது. கருடன் வரவில்லை. எங்கள் விமானம் வெயிலில் மின்னியபடி மூன்றாவது சுற்று வந்தது.

"ஓம் சக்தி! பராசக்தி!"

11.10-க்குத் தண்ணீர் விழுந்தது. மேலே விமானத்தின் சன்னலோரம் தலைமைக் குருக்கள். அவர் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது 12.05, அன்னதானத்தில் இரண்டாம் பந்தி.

தலைவர் மேனேஜரைக் கட்டிப்பிடித்தார். "மச்சான், சுத்துச்சு பாரு, அதுக்கே எல்லாம் சரியாப்போச்சு!"

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: தூரத்தை ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு அளக்கலாம். நேரத்தை வாசலிலிருந்து வாசலுக்குத்தான் அளக்க வேண்டும்.

இப்போது எங்கள் குவோட்டேஷனில், கோயிலுக்கு மேல் வட்டமிடுவது ஒரு சேவை. பறக்கும் நேரம் முப்பது நிமிடம் என்றே இருக்கிறது. குடம் சாய்க்கிறவரை நான் வேனில் அனுப்பிவிடுகிறேன்.