முவைலா ஷியாமளா நரியான கதை

ஷார்ஜாவில் முவைலாவுக்குப் போய் ஷியாமளா வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பஸ் மேடம் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்து வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் பேருந்துகள் அத்தனையையும் கட்டி மேய்க்கிற உத்தியோகம் அவளுக்கு. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தப் பிள்ளை இன்னும் ஏறவில்லை, எந்த டிரைவர் போனை எடுக்காமல் ஓரமாக நிறுத்திவிட்டுக் கரக் சாயா குடிக்கிறார், எல்லாம் விரல்நுனியில். அந்தக் குரல் இருக்கிறதே, அடேயப்பா! "பாய், ஜல்தி!" என்று போனில் ஒரு சத்தம் கொடுத்தால் அந்தப் பக்கத்து சாயா தானாகக் கொட்டிப்போகும்.

இப்படிப்பட்டவள் நாற்பத்தைந்து வயதில் குதிரை ஏறக் கற்றுக்கொண்டாள் என்றால் நம்புவீர்களா? சும்மா கிடந்த சங்கை எடுத்து ஊதியது மகள் ஹர்ஷினிதான். குதிரை, குதிரை என்று அடம்பிடித்து வகுப்பில் சேர்ந்தாள். நாலு நாள் போனாள். "அம்மா, இட்ஸ் ஸோ ஸ்மெல்லி" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கட்டிய பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று லாயக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். விடுவாளா ஷியாமளா? வீணாகப் போவதாவது! மிச்ச வகுப்புகளுக்குத் தானே போய் நின்றாள். முதல்நாள் அந்த முதுகில் ஏறி உட்கார்ந்தாள், குதிரை நாலடி வைத்தது. இத்தனை வருஷமாக ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வண்டி அனுப்பிக்கொண்டிருந்தவள், முதன்முதலாகத் தான் ஒரு இடத்துக்குப் போவதுபோல் உணர்ந்தாள். கட்டிய பணம் தீர்ந்த பிறகும் அவள் நிற்கவில்லை.

போன குளிர்காலத்தில் வந்தது வினை. காற்றில் பறந்த ஒரு பிளாஸ்டிக் பையைக் கண்டு குதிரை மிரள, ஷியாமளா தோள் பதிய விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது. குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் குழியை வீட்டில் பறித்தார்கள். கணவர் உமாபதி மதுரைக்காரர், ஏசி கம்பெனியில் இன்ஜினியர், வாயில்லாப் பூச்சி. ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்க முடியாதவளுக்குக் கட்டு பிரிக்கும்வரை தலை பின்னிவிட்டவர் அவர்தான், கோணல்மாணலாக. கட்டு பிரித்த அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"போதும் ஷியாமளா. இனிமே குதிரைப் பக்கமே போகக் கூடாது."

"ஏங்க, விழாம யாராவது கத்துக்க முடியுமா?"

"போதும்னு சொல்றேன்ல?"

சண்டை வாரக்கணக்கில் ஓடியது. அவருக்குப் பயம், அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவருடைய பயத்துக்காகத் தான் ஏன் தரையில் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம். கடைசியில் எல்லாம் ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. குதிரைச் சங்கத்தில் புதியவர்களும் கலந்துகொள்கிற மாதிரி ஒரு வாரக்கடைசி நரி வேட்டை வைத்திருந்தார்கள். அதில் கடைசிவரை குதிரையை விட்டு இறங்காமல் அவள் முடித்துவிட்டால், இஷ்டம்போல் ஏறலாம், அவர் மூச்சுக் காட்ட மாட்டார். விழுந்தாலோ, பயந்து நடுவில் இறங்கினாலோ அன்றோடு கலாஸ். தொப்பி, பூட்ஸ் எல்லாவற்றையும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட வேண்டும். ஷியாமளா கையடித்துச் சத்தியம் செய்தாள்.

தைத் என்ற ஊருக்குப் போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே மணலில் கூடாரம் அடித்திருந்தார்கள். சனிக்கிழமை காலையே ஜனங்கள் வந்து இறங்கிவிட்டார்கள். பிலிப்பைன்ஸ் நர்சுகள், புனே பக்கத்து இளைஞர்கள், துபாய் தேராவில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் முகம்மது ரிபாய் என்று கலவையான கூட்டம். பாதிப் பேர் புதுசு. ரிபாய் கொஞ்சம் கனத்த உடம்பு. அவரைக் கண்டதும் அவருக்கென்று கொடுத்த குதிரை ஒரு பெருமூச்சு விட்டது.

"பாத்தீங்களாக்கா? ஏறுறதுக்கு முன்னாடியே சலிச்சுக்கிது!" என்றார் ஷியாமளாவிடம்.

வேட்டைக்குத் தலைவி நோரா என்ற ஐரிஷ் பெண்மணி. வளைகுடாவிலேயே தலை நரைத்தவள். பாதி இங்கிலீஷும் பாதி அரபியுமாக விதிகளைச் சொன்னாள். நிஜ நரியெல்லாம் கிடையாது, அந்தப் பாவமும் வேண்டாம். ஒருவர் முன்னாலேயே குதிரையில் போய், சோம்பு எண்ணெயில் நனைத்த துணியை மணலில் இழுத்துக்கொண்டே போவார். வேட்டை நாய்கள் அந்த வாசனையைப் பிடித்து ஓடும். நாய்களுக்குப் பின்னால் நோரா, நோராவுக்குப் பின்னால் மற்றவர்கள். கடைசியில் பெரிய காஃப் மரம், அதாவது நம் ஊர் வன்னி மரம். அங்கே வேட்டை முடியும். புதியவர்கள் வரிசையின் கடைசியில்தான் வர வேண்டும். அடையாளத்துக்கு அவர்களுடைய குதிரை வாலில் பச்சை ரிப்பன் கட்டுவார்கள்.

"ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்," என்றாள் நோரா. "என்னை எவரும் முந்தக் கூடாது. முந்தினால் அப்படியே வீட்டுக்குப் போகலாம். அதற்கு மேல் பேச்சு மாஃபி, கிடையாது."

இத்தனையும் நடந்தபோது உமாபதி அந்தப் பக்கமே வரவில்லை. வேட்டை சமாச்சாரத்தைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று ஒரு வீம்பு. கார் டயர் மணலில் புதையாமல் பலகை வைத்தார், கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார், ஊரிலிருந்து வந்தவர்களுக்குச் செய்வதுபோல மசால் வடை சுட்டார். சோம்பு தூக்கலாக இல்லாத வடையை அவர் வடை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். "வடைன்னா பக்கத்துத் தெருவுக்குத் தெரியணும்" என்பார். மாலைக்குள் மொத்தக் கூடாரமும் அவர் அடுப்பைச் சுற்றி நின்றது. ரிபாய் எத்தனை தின்றார் என்று சொன்னால் நன்றாக இருக்காது.

ஞாயிறு காலை ஷியாமளாவுக்கு ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. ரொட்டியைப் பிய்த்தாள், வைத்துவிட்டாள்.

"வெறும் வயித்தோடயா போகப் போற?" என்றார் உமாபதி.

"இறங்க மாட்டேங்குதுங்க. வந்து சாப்பிடுறேன்."

அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தபோது, அவர் அவளுடைய குதிரை பக்கத்தில் நின்றார். கஹ்வா என்று பெயர், காப்பி நிறத்துப் பெட்டைக் குதிரை. சேணத்தில் தொங்கிய தோல்பையின் வாரை மாட்டிவிட்டு, "தண்ணி வச்சிருக்கேன்" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. இந்த மனுஷன் நான் விழணும்னுதான் வேண்டிக்கிட்டு நிக்கிறார் என்று நினைத்துக்கொண்டே ஷியாமளா ஏறினாள். பார்த்துவிடலாம் ஒரு கை!

கொம்பு ஊதினார்கள். வெள்ளையும் பழுப்புமான நாய்கள் ஊளையிட்டுக்கொண்டு மணல்மேட்டில் பாய்ந்தன. நோரா கிளம்பினாள், அவள் பின்னே வரிசை கிளம்பியது. குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்க, கஹ்வாவின் குளம்புச் சத்தம் நெஞ்சில் கேட்க, ஷியாமளாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முறிந்த தோளின் நினைவே வரவில்லை. பக்கத்தில் ரிபாய், "யா அல்லா, யா அல்லா" என்று குதித்துக்கொண்டே வந்தார். ஆனால் அவர் முகத்திலும் பல்தான் தெரிந்தது. ஐயோ, என்ன சந்தோஷம்! இதை விட்டுவிடச் சொல்கிறாரே அந்த மனுஷன்!

பாதி தூரம் போயிருப்பார்கள். காற்று திரும்பி முதுகுப் பக்கமிருந்து வீசத் தொடங்கியது. முன்னால் ஓடிய தலைநாய் சட்டென்று நின்றது. மூக்கைத் தூக்கியது. அப்புறம் ஒரு ஊளை! அத்தனை நாய்களும் திரும்பின. நோராவைத் தாண்டி, முன்னால் நின்ற குதிரைகளின் கால்களுக்கிடையே புகுந்து, வரிசையின் வாலை நோக்கி வந்தன.

"அக்கா!" என்று அலறினார் ரிபாய். "உங்களத்தான் பாத்து வருது!"

அதே நேரம் ஷியாமளாவின் மூக்கிலும் ஏறியது அந்த வாசனை. குனிந்து பார்த்தாள். தோல்பையின் இடுக்கில் எண்ணெய் கசிந்த அலுமினியத் தாள் பளபளத்தது. அடப் பாவி மனுஷா! வடை!

கஹ்வாவுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. நாய்க் கூட்டம் சுற்றி வந்து பின்னங்காலை முகர்ந்ததும் காதை மடக்கிக்கொண்டு முன்னால் பிய்த்துக்கொண்டு ஓடியது. ரிபாயைத் தாண்டியது, நர்சுகளைத் தாண்டியது. வாயைப் பிளந்து நின்ற நோராவையும் தாண்டியது. பின்னால் நாய்கள், நாய்களுக்குப் பின்னால் கொம்பூதிக்கொண்டு நோரா, அவளுக்குப் பின்னால் மொத்தக் கூட்டம். வேட்டைக்கு வந்தவளை ஊரே சேர்ந்து வேட்டையாடியது.

பையை அவிழ்த்து வடையை எறிந்தால் தீர்ந்தது. ஆனால் வாரை அவிழ்க்கக் கடிவாளத்திலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டும், எடுத்த மறுகணம் மணலில் கிடப்பாள். இல்லையென்றால் தானே குதித்துவிடலாம். மணல் மெத்தென்றுதான் இருக்கிறது, நாய்களும் கடிக்கிற ஜாதி இல்லை. "குதிச்சிடுங்கக்கா!" என்று பின்னாலிருந்து ரிபாயும் கத்தினார். தோளில் பழைய இடம் சுருக்கென்று வலித்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், குதித்துவிடலாமா என்று கீழே பார்த்தாள்.

குதித்தால் பந்தயம் போச்சு. அதுவும் எதற்காக? ஒரு மசால் வடைக்காக! செத்தாலும் இறங்க மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள். மிரண்ட குதிரையை இழுத்து நிறுத்தப் பார்க்காதே, திருப்பு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். இடது மணல்மேட்டுக்கு அப்பால் வன்னி மரத்தின் தலை தெரிந்தது. ஷியாமளா இடுப்பை அழுத்தி உட்கார்ந்து, ஒரு பக்கக் கடிவாளத்தை மட்டும் சிறுகச் சிறுக இழுத்து, பள்ளிக்கூட வாசலில் கேட்கும் அதே குரலில் போட்டாள் ஒரு சத்தம்.

"ஏய் கஹ்வா! லைன்ல போ!"

குதிரையின் காது நிமிர்ந்தது. எந்த டிரைவரும் தட்டாத குரலைக் குதிரை மட்டும் தட்டிவிடுமா? வளைந்து திரும்பி மேட்டில் ஏறியது. ஏற்றத்தில் வேகம் குறைந்தது, மூச்சு வாங்கியது, இறக்கத்தில் அவள் சொன்னபடி கேட்டது. நேரே வன்னி மர நிழலில் வந்து நின்றது. ஷியாமளாவின் தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஆனால் அவள் இன்னும் மேலேதான் இருந்தாள்.

நாய்கள் வந்து சுற்றி வளைத்து வாலை ஆட்டின. இப்போது நிதானமாகப் பையை அவிழ்த்துப் பொட்டலத்தைப் பிரித்து வடைகளை எறிந்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒன்றும் மிச்சமில்லை.

நோரா வந்து சேர்ந்தாள். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. "என்னை முந்தியவர் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன்?"

"வீட்டுக்குப் போகணும்," என்றாள் ஷியாமளா.

நோரா குனிந்து, எண்ணெய்த் தாளை நக்கிக்கொண்டிருந்த தலைநாயைப் பார்த்தாள். தாளை எடுத்து முகர்ந்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், குதிரையே பின்வாங்கியது. "அது வேட்டைக்காரர்களுக்கு உள்ள விதி. நரி முந்தலாம்," என்று சொல்லி, கஹ்வாவின் வாலிலிருந்து பச்சை ரிப்பனை அவிழ்த்து ஷியாமளா கையில் கொடுத்தாள். வரிசையோடு வந்து சேர்ந்திருந்த ரிபாய் விசிலடித்தார்.

குதிரை மிரண்ட சேதி போனில் கூடாரத்துக்குப் போய், சங்கத்து ஜீப் ஒன்று தடதடத்து வந்தது. நிற்பதற்கு முன்பே உமாபதி குதித்தார். ஒரு செருப்பு மணலில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இறங்கு ஷியாமளா! அடி கிடி பட்டுச்சா? இறங்கேன்!"

"மாட்டேன். முதல்ல சொல்லுங்க. முடிச்சேனா இல்லையா?"

"முடிச்சிட்ட."

"நடுவுல இறங்குனேனா?"

"இல்ல. இறங்கல."

"அப்புறம் எதுக்குங்க அந்த வடையை வச்சீங்க? நாய்ங்க சோம்பு வாசத்தைத்தான் பிடிச்சு ஓடுது!"

அவர் கஹ்வாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதற்கு முன் ஒரு குதிரையை இப்படிப் பிடித்துக்கொண்டு அவர் நின்றதே இல்லை. "காலைல ஒண்ணும் சாப்பிடல. வெறும் வயித்துல தல சுத்தி விழுந்துருவியோன்னு வச்சேன்."

"விழுந்தா நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க?"

"எவனுக்குடி வேணும் அந்த ஜெயிப்பு?" என்றார் உமாபதி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை அவர் டி போட்டதில்லை.

ஷியாமளா இறங்கினாள். அவர் கையைப் பிடித்து மரத்தடியில் உட்கார வைத்தார். தொப்பியைக் கழற்றியதும் பின்னல் அவிழ்ந்து மணலும் வியர்வையுமாகச் சரிந்தது. அவர் பின்னால் உட்கார்ந்து, மூன்று கால் பிரித்துப் பின்ன ஆரம்பித்தார். இப்போதும் கோணல்தான். நுனியில் கட்ட ஒன்றும் கிடைக்காமல் அவள் கையிலிருந்த பச்சை ரிப்பனை வாங்கிக் கட்டினார்.

"அடுத்தது எப்போ?" என்று கேட்டார்.

"அடுத்த மாசமாம்."

அவர் முடிச்சை இறுக்கினார்.

"அப்ப வடைக்கு சோம்பு போட மாட்டேன்," என்றார்.