டாக்டரின் மனைவி பெயரில் ஒரு வார்டு

தையல்கடை மாடியில் ஒற்றை அறையும் ஒரு பெஞ்சுமாகத் தொழில் தொடங்கிய டாக்டர், முப்பது வருஷத்தில் நகரசபைத் தலைவராகவும் ஆகிவிட்டார். முதல் நாளிலிருந்து அவரிடம் வேலை பார்க்கிற நர்ஸ், இன்று பெண்களுக்கான புது வார்டின் திறப்பு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சாக்கடைக்கு மூடி போட்டவர் அவர். பெண்கள் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித்தந்தவர் அவர். ஜுரம் என்று யார் கதவைத் தட்டினாலும் சாப்பிடுகிற கையை உதறிவிட்டு எழுந்து போவார். கைராசிக்காரர் என்று ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஆடட்டும். ஊருக்கெல்லாம் நாடி பிடித்த மனுஷன், கட்டிய மனைவி முகத்தை என்றைக்காவது நிமிர்ந்து பார்த்தாரா?

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டில் அவரைப் பிடிக்கவே முடியாமல், அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். டோக்கன் வாங்கி, பதினேழாவது ஆளாகக் காத்திருந்து உள்ளே வந்தார். நர்ஸ் பக்கத்தில் ஊசிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"மார்ல ஒரு கட்டி இருக்குங்க. வலி இல்ல. ஆனா பெருசாகிட்டே போகுது."

டாக்டர் குடிநீர்க் குழாய் வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "ம்... வீட்ல பாத்துக்கலாம்."

"டோக்கன் வாங்கியும் பிரயோஜனமில்ல, பாத்தியா?" என்று நர்ஸிடம் சிரித்துவிட்டு அந்த அம்மா போய்விட்டார். வீட்டிலும் பார்க்கவில்லை. பார்த்தபோது நோய் ஈரல் வரை போயிருந்தது. அன்றைக்கே அந்த அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாமே என்று நர்ஸ் நினைக்காத நாளில்லை.

இப்போது டாக்டர் மைக்கைப் பிடித்தார். "என் மனைவி என்கிட்டகூட சொல்லல. என் வேலை கெட்டுடக் கூடாதுன்னு மறைச்சுட்டா. இனிமே எந்தப் பெண்ணும் இப்படி மறைக்கக் கூடாது."

கைதட்டல் ஓயவே இல்லை. செத்தவள் தலையில் பழியைப் போட்டுவிட்டு எவ்வளவு உருக்கமாகப் பேசுகிறார்! நர்ஸ் மட்டும் கை தட்டவில்லை.

கூட்டம் கலைந்ததும் டாக்டரின் மகள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா ஏன்க்கா மறைச்சாங்க? எனக்காவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நெனச்சாலே அவங்க மேல கோவமா வருது."

டாக்டர் இரண்டடி தள்ளி யாருடனோ கைகுலுக்கிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் நாளைக்கு வேலை இருக்காது. போனால் போகட்டும்.

"மறைக்கலம்மா. என் கண்ணு முன்னாடி உங்கப்பாகிட்ட சொன்னாங்க."

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் கத்துவார், மழுப்புவார், குறைந்தபட்சம் தலையாவது குனிவார் என்று நர்ஸ் காத்திருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயாராக இருந்தது.

டாக்டர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நோயாளியை விசாரிக்கிற அதே அக்கறையோடு கேட்டார்:

"எப்போ சிஸ்டர்?"

முப்பது வருஷம் பார்த்த முகம். அதில் நடிப்பு இருந்தால் அவளுக்குத் தெரியாதா? மனுஷன் பொய் சொல்லவில்லை. அந்த அம்மா சொன்னது அவர் காதில் விழவே இல்லை.