மாமா என்னை இறக்கிவிட்ட விமானம்

அன்று மாமாவின் காதில் என்ன விழுந்தது? முப்பது வருடங்களாக யோசித்தும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சுபாங் விமான நிலையத்தில் மெக்கானிக். வாரம் முழுக்க இன்ஜினோடு மல்லுக்கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் போவார். விமான நிலையத்தின் ஒரு மூலையில் சிலர் சேர்ந்து ஒரு பழைய விமானத்தைச் சரிசெய்து வைத்திருந்தார்கள். மஞ்சள் நிறம், மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, கூரை கிடையாது. முன்னால் ஒருவர் உட்காரலாம், பின்னால் விமானி. வருகிற பொதுமக்களை ஒவ்வொருவராக ஏற்றி, வானத்தில் ஒரு சுற்று சுற்றிக் காட்டி இறக்கிவிடுவார்கள். ஆளைத் தூக்கி உட்காரவைத்துப் பாதுகாப்பு வாரைப் பூட்டுவது மாமாவின் பொறுப்பு. அவருக்கும் சம்பளம் இல்லை, ஏறுகிறவர்களுக்கும் கட்டணம் இல்லை.

எங்கள் வீட்டுக்கு அதுதான் பொறுக்கவில்லை. இலவசம் என்று கேட்டாலே அப்பாவின் புருவம் ஏறிவிடும். “பெட்ரோல் யாரு ஊத்துறா? அவனுக்கு அதுல என்னா லாபம்?” என்பார். அம்மாவின் சந்தேகம் வேறு. “அங்க எவளோ ஒருத்தி இருக்கா. இல்லாட்டி எண்ணெயில பொரளப் போறவன் எதுக்கு பவுடர் போட்டுக்கிட்டுப் போறான்?”

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் ஏற்றுகிற மாமா என்னை மட்டும் ஏன் கூப்பிடவே இல்லை? அப்போது எனக்கு எட்டு வயது. சோறு வேண்டாம் என்று இரண்டு நாள் அடம்பிடித்தேன். கடைசியில் ஒரு ஞாயிறு எல்லோரும் கிளம்பினோம். என் ஆசைக்காக மட்டும் இல்லை, வேவு பார்க்கவும்தான். நாலரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் நான் ஏறி இறங்கிவிட வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை.

நேரத்தோடுதான் போய்ச் சேர்ந்தோம். ஆனால் பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு தாள் இருந்தது. குமாஸ்தாவான அப்பா அதை மூன்று முறை படித்தார். “எது நடந்தாலும் நாங்க பொறுப்பில்லன்னு எழுதியிருக்கான் பாரு. அப்ப என்னமோ நடக்கும்னு அவனுக்கே தெரியுது.” அவர் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் வரிசையில் பதினைந்து பேர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். அம்மா கூட்டத்தில் அந்த ‘எவளோ ஒருத்தி’யைத் தேடினாள். எண்ணெயில் கை கறுத்த ஆண்கள்தான் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

எங்களுக்குப் பின்னால் கிள்ளானிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஓர் அக்காள், என் வயதுப் பெண்ணோடு நின்றாள். அந்தப் பெண் நிற்கவே இல்லை, குதித்துக்கொண்டே இருந்தாள்.

என் முறை வந்தது. இன்ஜினை அணைக்காமலே ஆள் மாற்றுவார்கள். மாமா என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தோல் தொப்பியை மாட்டினார். அது கண்வரை இறங்கியது. வாரைப் பூட்டினார். பூட்டியவர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். தலையைச் சாய்த்து இன்ஜின் பக்கம் காதைக் கொடுத்தார். பிறகு விமானியிடம் குனிந்து ஏதோ சொன்னார். அந்தச் சீனக் கிழவர் சிரித்துக்கொண்டே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். மாமா இன்ஜினைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாரைக் கழற்றி என்னைத் தூக்கிப் புல்லில் இறக்கிவிட்டார்.

கிள்ளான் அக்காளின் முகம் மாறியது. “ஏன் அண்ணே, புள்ளைய எறக்கிட்டீங்க? கோளாறா?”

“அதெல்லாம் ஒன்னும் இல்ல லா அக்கா. புள்ள பயப்படுது.”

அவள் என்னிடம் குனிந்தாள். “பயமா பாப்பா?”

எனக்குத் துளிகூடப் பயமில்லை. ஆனால் பெரியவர்கள் சொன்னதை அடுத்தவர் முன்னால் மறுக்கக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள். நான் தலையாட்டினேன்.

“எங்க வீட்டுது எதுக்கும் பயப்படாது” என்று சிரித்தபடி அவள் தன் மகளை முன்னால் விட்டாள். மாமா அந்தப் பெண்ணைத் தூக்கி உட்காரவைத்தார். வாரை ஒரு முறைக்கு மூன்று முறை இழுத்துப் பார்த்தார். விமானம் ஓடி, எழும்பி, மரங்களுக்கு அப்பால் மறைந்தது.

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் மாமாவைப் பார்த்தேன். வழக்கமாக அடுத்த ஆளைக் கூப்பிடுகிறவர் புல்லின் விளிம்பில் அசையாமல் நின்றார். “பாஸ், அடுத்தது யாரு?” என்று யாரோ கேட்டதற்குத் திரும்பவே இல்லை. சத்தம் மறுபடி கேட்டு, மஞ்சள் நிறம் தெரிந்து, சக்கரம் தரையில் பட்ட பிறகுதான் உட்கார்ந்தார். இறங்கிய பெண் கலைந்த தலையோடு என்னிடம் ஓடிவந்து, “கீழ மாடு தெரிஞ்சிச்சு! அதுவும் அண்ணாந்து பாத்துச்சு!” என்றாள். அவளுடைய அம்மா நன்றி சொல்லிக் கையைப் பிடிக்க வந்தாள். “கையெல்லாம் எண்ணெய்க்கா” என்று மாமா பின்னால் நகர்ந்துகொண்டார்.

மற்றவர்கள் மாலைவரை ஆட்களை ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். மாமா மட்டும் எங்களோடு காரில் திரும்பிவிட்டார்.

“இன்ஜின்ல என்னமோ இருக்கு, இவனுக்குத் தெரியும்” என்றார் அப்பா.

“ராகு காலம் பொறந்துடுச்சு. அதான் மணி பாத்து எறக்கிட்டான்” என்றாள் அம்மா.

“ஏன், மத்த புள்ளைங்களுக்கு மட்டும் ராகு லீவா?”

மாமா கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே வந்தார். அதன்பின் எந்த ஞாயிறும் அவர் அங்கே போகவில்லை. நாளாக ஆக, நான் பயந்து அவர் மானத்தை வாங்கிவிட்டதாகவே எல்லோரும் சொல்ல, நானும் நம்பிப்போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது கோபத்தால் என்றே நினைத்தேன்.

இப்போது எனக்கும் எட்டு வயதில் ஒரு மகள். அவளைக் காரில் உட்காரவைத்து வாரைப் போடும்போதெல்லாம் மாமாவின் கை நினைவுக்கு வருகிறது. அவர் உண்மையில் ஏதாவது கேட்டிருந்தால், அந்தப் பெண்ணை எப்படி ஏற்றினார்? எதுவும் கேட்கவில்லை என்றால், என்னை ஏன் இறக்கினார்? சொந்த வீட்டுப் பிள்ளை உட்கார்ந்த பிறகுதான், இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அவருக்கு உறைத்ததோ? நானாக இருந்தால் வேறு விதமாகச் செய்திருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை.

போன வாரம் அம்மா இந்தக் கதையைப் பேத்தியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். “அம்மா, நீங்க பயந்து எறங்கிட்டீங்களா?” என்று மகள் கேட்டாள். “சாப்பிடு” என்று மட்டும் சொன்னேன். ஆமாம் என்றால், நான் அன்று ஆட்டிய தலையை இன்னும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஆகும். இல்லை என்றால், “அப்ப தாத்தா ஏன் அந்தப் புள்ளைய மட்டும் ஏத்துனாரு?” என்று அடுத்த நொடி கேட்பாள். செலாயாங்கில் இருக்கும் என் மாமாதான் அவளுக்கு அந்தத் தாத்தா. அவர் மேல் அவளுக்கு உயிர். இந்த ஞாயிறும் அங்கே போகிறோம். காரில் நிச்சயம் மறுபடி கேட்பாள். பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள், அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?