ஏலக்காய் வீட்டில் ஒரு கடல் நத்தை

"நம்ம மாப்ள மக பி.எஸ்ஸி. படிச்சது சேறு கழுவவா?"

ஏலக்காய் மண்டி வாசலில், வண்டிக்குள் இருந்த என் காதில் இது விழுந்தது. சொன்னவர், என் அப்பாவை மாப்ளே என்று கூப்பிடும் தரகர் பெரியசாமி மாமா. பக்கத்தில் இருந்த அப்பா காதிலும் விழுந்தது.

மாமா சொன்னதில் பிழையில்லை. கடல் வாடையே வராத போடியில் உட்கார்ந்து, கடலடிச் சேற்றைக் கழுவி, அதிலிருக்கும் நத்தைகளைப் படம் வரைந்து விவரம் எழுதுவதுதான் என் தொழில். ஆராய்ச்சிக் கப்பல் அள்ளிய சேற்றை என் கல்லூரி ஆசிரியை சென்னையிலிருந்து டப்பா டப்பாவாக அனுப்புவார். யாரோடும் பேச வேண்டாத வேலை, எனக்கு ஒத்துவந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கும் சகோதரிகளே, நீங்கள் பட்டதுதான் நானும் பட்டேன்: நம் கையில் இருப்பதும் வேலைதான் என்று வீட்டில் யாரும் நம்புவதில்லை. வீடு வந்து சேர்ந்ததும் அப்பா சொன்னார்: "அடுத்த டப்பாவோட போதும் ஆத்தா. அந்தக் கண்ணாடி மிசினை மெட்ராசுக்கே அனுப்பிரலாம்." என் மைக்ராஸ்கோப்பைத்தான் சொன்னார்.

தபால் பையில் வாடை

நத்தைகள் கெடாமல் இருக்க ஸ்பிரிட்டில் போட்டு அனுப்புவார்கள். அந்தக் கடைசி டப்பா வழியில் ஒழுகி, தபால் பை முழுக்க வாடை ஏறிவிட்டது. தபால்காரர் அதை எங்கள் வாசலில் வைத்து, தெரு கூடும்வரை மோந்து பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றபடி, அது குடிப்பதற்கில்லை, உள்ளே நத்தை இருக்கிறது என்றேன். திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: "இம்புட்டு நல்ல சரக்கை நத்தைக்கு ஊத்திட்டாகளே, ஆத்தா."

யார் பார்க்க?

அந்த டப்பாவில்தான் அது இருந்தது. ஏலக்காய்க்குள் இருக்கும் அரிசி அளவு, அதே பழுப்பு. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சுற்றுச்சுற்றாக ஏறி, சுற்றுக்குச் சுற்று மணி கோத்தாற்போல் வரிகள். என்னிடமிருந்த புத்தகங்களில் இப்படி ஒன்று இல்லை. ஆசிரியைக்கு எழுதினேன். புது இனமாகத்தான் இருக்கும், விவரம் எழுதி நத்தையோடு அனுப்பு, ஏற்றுக்கொண்டால் இனிமேல் வரும் சேறெல்லாம் உனக்குத்தான் என்று பதில் வந்தது. ஆனால் இருந்தது ஒன்றே ஒன்று. அது இல்லாமல் என் எழுத்துக்கு மதிப்பில்லை.

குரங்கணி மலையிலிருந்து பொதி மாடுகளில் இறங்கும் ஏலக்காயைத் தரம் பிரிக்க எங்கள் களத்துக்குப் பெண்கள் வருவார்கள். அவர்களை அதட்டி வேலை வாங்குபவர் காமாட்சி அத்தை. அவரைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் நத்தையைக் காட்டினேன். அந்த ஆழத்தில் வெளிச்சமே கிடையாது, இதற்குக் கண்ணும் இல்லை என்றேன். அத்தை குழலிலிருந்து முகத்தை எடுக்காமல் கேட்டார்: "ஒண்ணை ஒண்ணு பாக்க முடியாதுன்னா, இம்புட்டுச் சோடனை யாருக்கு?"

ஏலரிசி ஜாடி

ஏலக்காய் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. காய் வெடித்துச் சிந்திய அரிசி எங்கே கிடந்தாலும், கண்டவர் எடுத்து ஜாடியில் போட்டுவிட வேண்டும். நான் வரைவதற்காக நத்தையை ஈரம் போகக் காகிதத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் காகிதம் மட்டும் இருந்தது. அத்தை மேசையைத் துடைத்து வைத்திருந்தார்.

ஜாடியைக் காட்டி அழுதேன். தான் அரிசியென்று எடுத்துப் போட்டது எதுவென்று அத்தைக்குப் புரிந்துவிட்டது. களத்துப் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து, ஜாடியை முறங்களில் கொட்டிப் பரப்பினார்கள். அப்பா நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து என் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒரு முறத்தின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. நத்தையை உடனே என்னிடம் தரவில்லை. கண்ணாடியைத் தள்ளி வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்தார். "ஏ காமாச்சி, இதையா அரிசின்னு போட்ட? கோயில் கோபுரமில்ல நிக்கிது."

தபால் ஆபீசில்

படமும் விவரமும் முடிந்தன. நத்தையைக் குப்பியில் இட்டு, குப்பியைப் பஞ்சில் பொதிந்து பார்சல் கட்டினேன். அப்பா தானும் வருவதாகச் சொன்னார். தபால் ஆபீசில் பெரியசாமி மாமா நின்றிருந்தார். "என்ன மாப்ளே, சேறு ஊருக்குத் திரும்புதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்பா என் கையிலிருந்த பார்சலை வாங்கி முடிச்சை அவிழ்த்தார். குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். மடியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார்.