மட்டையை விடாதவர்கள்

கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் எங்கள் பேஸ்போல் கழகத்தின் அறை இருக்கிறது. சுவரில் ஒரு தேக்குப் பலகை. கழகம் எதையாவது வென்றால் ஆண்டு, கிண்ணம், முகாமையாளர் பெயர் மூன்றையும் ஒரே வரியில் பொன்னெழுத்தில் எழுதுவதற்காகச் செய்தது. பல வருடமாக அதில் 'வெற்றிகள்' என்ற தலைப்பு மட்டும் இருந்தது. கீழே வெறும் தேக்கு. நல்ல தேக்கு என்று வந்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

போன வருடம் வென்றுவிட்டோம். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

இரும்புக்கடை முதலாளிதான் கழகத் தலைவர். அவர் என்னைக் கூப்பிட்டு, "என்னங்க செக்கரட்டரி, பலகைக்காரன் வாரான். மனேஜர் பேரு ஒண்ணு எழுதிக் குடுங்க. பொதுக்கூட்டத்துக்கு முந்தி வேணும்" என்றார்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். இதுவரை ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. ஒற்றுப்பிழை இல்லாமல் கூட்டறிக்கை எழுதுவேன் என்ற ஒரே காரணத்தால் செயலாளரானவன். 'இந்தாங்கோ' என்று புதிய மனேஜரின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே அலுவல் முடிந்திருக்கும். பேனையை எடுத்தேன். எழுத வரவில்லை. அதற்குக் காரணம் பழைய மனேஜர்.

பழைய மனேஜர் துறைமுகத்தில் சாமான் விடுவிக்கும் கந்தோர் ஒன்றில் பேரேடு எழுதும் லிகிதராக இருந்தவர். யாழ்ப்பாணத்து ஆள். கழகம் தொடங்கிய நாளில் கிரிக்கெட் அணிகளில் இடம் கிடைக்காதவர்களையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார். இன்றைக்கு எங்களுக்குப் பந்தெறிகிற ஆள் அப்போது புறக்கோட்டையில் ஒரு மொத்தக்கடையில் நின்று, லொறிக்கு மேலே நிற்பவனின் கைக்குச் சரியாகப் போய் விழும்படி துணிப் பொட்டலங்களை எறிந்துகொண்டிருந்தான். மனேஜர் அந்தத் தெருவில் அரை மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டு, அவனை அந்தச் சனிக்கிழமையே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆனால் தோற்றோம். தொடர்ந்து தோற்றோம். காரணம் எளியது. எங்கள் ஆட்கள் எல்லாரும் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள். கிரிக்கெட்டில் அடித்தால் மட்டையோடு ஓட வேண்டும். பேஸ்போலில் அடித்தவுடன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு முதல் பேஸுக்கு ஓட வேண்டும். எங்களவர்கள் மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முதல் பேஸை நெருங்கியதும் மட்டையை நீட்டி மண்ணில் ஒரு கோடு இழுப்பார்கள். அங்கே பந்தோடு நிற்பவன் இந்த வைபவத்தை ஆறுதலாகப் பார்த்து முடித்துவிட்டு ஆட்டமிழக்கச் செய்வான். ஒருவன் ஓடி முடித்து, அம்பதடித்தவன் மாதிரி மட்டையை உயர்த்தியும் காட்டினான்.

அந்த வருடப் பொதுக்கூட்டத்து அறிக்கையில் நான் ஒரு வசனம் எழுதினேன்: 'எமது வீரர்கள் மட்டையை விட மறுக்கிறார்கள், எமது முகாமையாளர் பதவியை விட மறுக்கிறார்.'

கூட்டத்தில் வாசித்தபோது சனம் மேசையில் அடித்துச் சிரித்தது. வீட்டுக்குப் போகும்வரை பஸ்ஸில் எனக்குள் நானே சிரித்துக்கொண்டு போனேன். அதே கூட்டத்தில் மனேஜரை மாற்றினார்கள். அவர் எழுந்து, கதிரையை ஒழுங்காக மேசைக்குள் தள்ளிவிட்டு, படி இறங்கிப் போனார். பிறகு மாடி ஏறவேயில்லை.

அவருடைய இடத்துக்கு வந்தவர் கொம்பனித்தெருவில் ஒரு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியையாக இருப்பவர். மலாய்க் குடும்பம். எல்லாரும் அவரை மிஸ் என்பார்கள், தலைவர் உட்பட. மிஸ் வந்து மூன்றாம் வருடம் கிண்ணம். மட்டையோடு ஒருவனும் ஓடவில்லை. தலைவர் எல்லா இடத்திலும், "மிஸ் என்னோட கண்டுபிடிப்பு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. இருபது வருடப் பழக்கத்தை ஆர் மாற்றியது? எப்படி? பலகைக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அதை அறியாமல் இருக்க முடியவில்லை. ஒரு பல்லில் நார் சிக்கினால் நாக்கு சும்மா இருக்குமா?

மிஸ்ஸிடமே போய்க் கேட்டேன். பாடசாலை வாசலில் நின்று, விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாமலே பேசினார்.

"நான் செஞ்சது கொஞ்சம் சேர். பொட்டலம் எறிஞ்சவர மூலையில நிப்பாட்டி வச்சிருந்தாங்க. அவர நடுவுக்குக் கொண்டு வந்தேன். மத்ததெல்லாம் பழைய மனேஜர் சேர்த்த ஆளுங்கதானே."

"மட்டை விசயம்?"

"அது நான் இல்ல." சிரித்தார். "ஒங்களுக்குத் தெரியாதா? செக்கரட்டரி சேர்தானே நீங்க? சனிக்கெழம காலையில வந்து பாருங்க."

செயலாளர்கள் பயிற்சிக்குப் போவதில்லை. அது ஒரு மரபு. நான்தான் அதை உண்டாக்கினேன். மரபை மீறிச் சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன்.

மைதானத்தில் ஒரு விசித்திரம். மட்டை பிடிக்கிற இடத்தை மூலைக்குத் தள்ளி, மதில் ஓரமாக வைத்திருந்தார்கள். நடுவில் அவ்வளவு இடம் கிடக்க ஏன் இந்த நெருக்கம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பந்து வந்தது. டொக் என்று அடி விழுந்தது. மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது:

"விடடா!"

மட்டை கீழே விழுந்தது. ஆள் ஓடினான். அடுத்தவன் வந்தான். டொக். "விடடா!" மட்டை விழுந்தது. மிஸ் என்னைப் பார்த்து, மதில் பக்கம் மெதுவாகத் தலையசைத்தார்.

கேற்றால் வெளியேறிச் சுற்றி ஓடினேன். 'ஓடினேன்' என்பது இலக்கிய வழக்கு. மதிலுக்கு வெளியே ஒரு தேத்தண்ணிக்கடை. அதன் வாங்கில், முதுகை மதிலில் சாய்த்துக்கொண்டு பழைய மனேஜர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் மைதானத்தில் ஒரு புல்லும் தெரியாது.

"வாரும்" என்றார், நேற்றுத்தான் கண்டவர் மாதிரி. "பிளேன்ரீ குடிக்கிறீரோ?"

"அண்ணை, இஞ்சையிருந்து ஒண்டும் தெரியாதே."

"தெரியத் தேவையில்லை. சத்தம் கேட்டாக் காணும்." உள்ளே டொக் என்றது. பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "விடடா!" என்றார். கடைக்காரர் திடுக்கிடவேயில்லை. அவருக்கு இது மூன்று வருடப் பழக்கம்.

"பெடியளுக்குத் தெரியுமோ, நீங்கள்தான் எண்டு?"

"பெடியளுக்குத் தெரியும். மிஸ்ஸுக்கும் தெரியும். அவ வந்த முதல் மாதமே அடிக்கிற இடத்தை மதிலோடை கொண்டந்து வைச்சிட்டா. ஒண்டும் கதைக்கேல்லை. கொமிற்றிக்குத்தான் தெரியாது."

கொமிற்றி என்றால் நான். பலகையைப் பற்றிச் சொன்னேன். உங்கள் பெயரைப் போடலாம் என்று நினைக்கிறேன் என்றேன், ஏதோ தேக்கு என் வீட்டுத் தேக்கு மாதிரி.

"பலகை வேண்டாம் தம்பி. மிஸ்ஸின்ர பேரைப் போடுங்கோ. எனக்கு வேற ஒண்டு வேணும்." பத்திரிகையை மடித்து வைத்தார். "அந்த வசனம். உம்மட புத்தகத்திலை இன்னும் கிடக்கெல்லோ?"

"கிடக்கு."

"என்ர மகளின்ர கலியாண வீட்டிலை, மாப்பிளை பகுதி ஆள் ஒருத்தர் அதை எனக்கே சொல்லிச் சிரிச்சவர். என்னைப் பற்றி எண்டு அவருக்குத் தெரியாது. நானும் சிரிச்சனான். பதவியை விட மறுக்கிறாராம். நான் விட்டிட்டன் தம்பி. கூட்டத்துக்கு ரெண்டு கிழமைக்கு முந்தியே உம்மட கையிலை கடிதம் தந்தனான். வாசிச்சுப் போட்டும் பிறகேன் அப்பிடி எழுதினீர்? அது ஒண்டைத்தான் கேக்க வேணும் எண்டிருந்தனான்."

கடிதமா?

நேரே கொட்டாஞ்சேனை மாடிக்கு ஏறினேன். அலுமாரியில் அந்த வருடக் கோவை இருந்தது. அதற்குள் நீல உறை, ஒட்டியது ஒட்டியபடி. அப்போது ஞாபகம் வந்தது. வாசலில் வைத்துத் தந்தார். அவர் மாதம் ஒரு கடிதம் தருவார். எல்லாம் பந்து காணாது, கையுறை கிழிந்துவிட்டது என்றுதான் இருக்கும். இதுவும் அதுதான் என்று கோவைக்குள் செருகினேன். அன்று மாலையே உட்கார்ந்து, அவர் பதவியை விட மறுப்பதாக எழுதி, அந்த வசனத்தின் அழகைப் பார்த்து இரண்டு தரம் வாசித்திருக்கிறேன்.

உறையைக் கிழித்தேன். அரைப் பக்கம். மட்டைப் பழக்கத்தைத் தன்னால் மாற்ற முடியவில்லை, ஆகவே விலகுகிறேன் என்றிருந்தது. கீழே: 'கொம்பனித்தெருவில் ஒரு பாடசாலையில் எல்லே பழக்கும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மூங்கில் தடியால் அடித்துத் தடியைப் போட்டுவிட்டு ஓடும் விளையாட்டு அது. எங்களுக்குத் தேவையானவர் அவரே. தலைவரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன்.'

தலைவரின் கண்டுபிடிப்பு. நான் சிரிக்கவில்லை. அந்த அலுமாரிக்கு முன்னால் எவரைப் பார்த்தும் சிரிக்கிற உரிமை எனக்கு இருக்கவில்லை.

பொதுக்கூட்டத்தில் பழைய அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று எழுந்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஏகமனதாக ஏற்றுக்கொண்டதை எப்படித் திருத்துவது என்று கழகச் சட்டப் புத்தகமான யாப்பின் பிரியர் ஒருவர் எழுந்தார். எங்கள் ஆட்களுக்கு விளையாட்டு விதி தெரியாவிட்டாலும் யாப்பு விதி தலைகீழ்ப் பாடம். கடைசியில், திருத்த வேண்டிய வசனத்தை முதலில் சபைக்கு வாசிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

வாசித்தேன். சபை மறுபடியும் சிரித்தது. அதே இடத்தில், அதே அளவு. பின்வரிசையில் இருந்த விளையாட்டுக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. வாசலில், கடைசிப் படியில் ஒரு காலை வைத்தபடி பழைய மனேஜர் நின்றார். வரச் சொல்லி நான்தான் கெஞ்சியிருந்தேன்.

அதற்குப் பிறகு நீல உறைக் கடிதத்தை வாசித்தேன். இது என் கையில் கிடைத்த திகதி, நான் திறந்த திகதி, இரண்டையும் சொன்னேன். மதிலைப் பற்றியும் சொன்னேன். தலைவர் மின்விசிறியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமா, அவருதான் சொன்னாரு. நான் மறந்துட்டேன்" என்றார். இரும்பு விற்கிற மனிதர் அப்படிச் சொல்வது லேசான காரியமில்லை.

நான் அழிப்பானை எடுத்தேன். பழைய மனேஜர் மேசைக்கு வந்தார்.

"அழிக்காதையும். துறைமுகத்திலை நாங்கள் அழிக்கிறதில்லை. பிழையை ஆரும் வாசிக்கக்கூடியதா ஒரு கோடு. பக்கத்திலை கையெழுத்து."

கோடு போட்டேன். நான் ஒப்பமிட்டேன், பக்கத்தில் அவரும். புத்தகத்தை ஒரு தரம் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"வசனம் நல்ல வசனம்தான். அதுதான் தம்பி வில்லங்கம்."

அடுத்த சனிக்கிழமை மிஸ் அவரைக் கேற்றால் உள்ளே அழைத்து வந்து, மரநிழலில் கழகக் கதிரை ஒன்றைப் போட்டார். நானும் போயிருந்தேன், ஒரு மரபை இரண்டாம் தரம் உடைப்பது சுகம். பொட்டலம் எறிந்தவன் மட்டை பிடித்தான். டொக். மரத்தடியிலிருந்து "விடடா!" வந்தது. மூன்று வருடம் மதில் பக்கமிருந்து கேட்ட குரல் வேறு பக்கத்திலிருந்து வரவே, அவன் குழம்பித் திரும்பி, மட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதல் பேஸுக்கு ஓடினான். போய் மண்ணில் ஒரு கோடும் இழுத்தான்.

மிஸ் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஐயா, கோவிச்சுக்க வேணாம்..."

"விளங்குது பிள்ளை" என்று அவர் எழும்பிவிட்டார். முகத்தில் பெரிய சந்தோஷம். "உள்ளுக்கை இருந்தா எனக்கும் சரிவராது. பார்க்கத் தொடங்கிடுவன்."

அவர் முன்னால் போக, கதிரையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். பேஸ்போலுக்காக நான் செய்த முதல் உடலுழைப்பு அது. தேத்தண்ணிக்கடையில் மதிலோடு சேர்த்துப் போட்டேன். கடைக்காரர் கதிரையின் முதுகில் இருந்த கழகத்தின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

பலகைக்காரர் இன்னும் தொலைபேசி எடுத்துப் பெயர் கேட்கிறார். ஒரு வரியில் ஒரு பெயர்தான் பிடிக்குமாம். சின்ன எழுத்தில் இரண்டு எழுதலாமா என்று கேட்டிருக்கிறேன்.